துணி போர்த்திய ஜீப்

பதுளை
6.3.2024

சிவசக்திக்கு,

நீயும் மேனுஷாவும் பூனாகலைக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்ததாக உன் தம்பி நிஷாந்த் போன் எடுத்துச் சொன்னான். நீ எடுக்கவில்லை. போன வாரம் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே நீ போனை வைத்துவிட்டாய். ஆகையால் இனிமேல் கடிதம்தான். கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்தாலும் மீதியை ஒரு நாள் எடுத்துப் படிக்கத்தான் வேண்டும்.

என் தம்பிக்கு முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு நீ பெட்டி கட்டியது முறையல்ல. பிள்ளைக்கு இடம் மாற்றம் வேண்டும் என்றாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரமேஸ் கடையிலேயே சாய்ந்த நாளிலிருந்து எனக்கும் இந்த வீட்டைப் பார்க்க முடியவில்லை. நான் எங்கே போனேன்? என் கணவர் தவறியபோது ஒரு வருடம் நான் இந்த வாசற்படியைத் தாண்டவில்லை. அப்புத்தளையில் சித்தி மகள் கல்யாணம். அதற்கும் போகவில்லை. யாரும் சொல்லி நான் செய்யவில்லை. செய்ய வேண்டியது அதுதான், அதனால் செய்தேன்.

கடையைப் பூட்டியிருக்கிறேன். பழுது பார்க்கக் கொடுத்தவர்களின் மின்விசிறி, அயர்ன் பெட்டி எல்லாவற்றையும் ஆட்களை வரச்சொல்லித் திருப்பிக் கொடுத்தாயிற்று.

பின் ஷெட்டில் மேனு ஏறி ஓட்டுவதற்காக ரமேஸ் செய்துகொண்டிருந்த பொம்மை ஜீப் இருக்கிறது. பக்கத்துப் பிளைவுட் பலகைகள் இரண்டையும் பொருத்தியிருக்கிறான். முன் மூடியை ஆணி அடிக்காமல் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறான். பழைய வேனில் கழற்றிய வைப்பர் மோட்டர்கள் பின் சக்கரங்களோடு சேர்ந்துவிட்டன. சக்கரத்துக்கும் பிளைவுட்டையே வட்டமாக வெட்டி, டயர் ரப்பரைச் சுற்றி ஒட்டியிருக்கிறான். பேட்டரி சீட்டின் கீழே. அவன் உளியைக்கூட நான் நகர்த்தவில்லை. என் வெள்ளைச் சேலை ஒன்றால் போர்த்தி, ஷெட்டைப் பூட்டிவிட்டேன்.

மேனு பால் குடிக்கிறாளா? வாரத்தில் இரண்டு நாள் தலைக்கு எண்ணெய் வைக்கவும்.

இப்படிக்கு,
திருமதி பரிமளம் தங்கராஜா


பூனாகலை
ஞாயிறு

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. போனை வைத்தது தப்புத்தான். அப்போது அழுகை வந்துவிட்டது, நீங்கள் கேட்கக்கூடாது என்று வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? சீனி வியாதி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட மறந்துவிடுவீர்கள். அவர்தான் ஞாபகப்படுத்துவார். அதனால் எழுதுகிறேன்.

மேனு பால் குடிக்கிறாள். இங்கே தோட்டத்து லயத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து நன்றாக விளையாடுகிறாள். ஆனால் எல்லாரிடமும் ஜீப்பைப் பற்றியே பேச்சு. "எங்க அப்பா செஞ்ச ஜீப்பு நெசமாவே ஓடும், கரண்டுல ஓடும்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். பிள்ளைகள் நம்பவில்லை. நேற்று என்னிடம் கேட்டாள், "அம்மா, அப்பா சாமிகிட்டப் போயும் ஆணி அடிக்கிறாரா? ஜீப்ப முடிச்சுட்டாரா?" அடிக்கிறார் என்று சொல்லிவிட்டேன்.

மே மாதம் அவளுக்கு ஐந்து வயது முடிகிறது. "உன் பொறந்தநாளைக்கு நீயே ஓட்டணும், அப்பா பக்கத்துல ஓடி வருவேன்" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். நிஷாந்த் த்ரீவீலர் ஓட்டுகிறவன், வயரைப் பொருத்தத் தெரியும். மரக்கறி லொறி ஒன்று பதுளைக்கு வரும்போது அதில் ஏற்றிவிட்டால் இங்கே மிச்ச வேலையை முடித்துவிடுவான்.

அதற்கு உங்களுக்கு மனம் இல்லையென்றால் வேறு ஒன்று மட்டும் செய்யுங்கள். பேட்டரியை அவர் ஞாயிறுதோறும் சார்ஜில் போடுவார். போடாமல் விட்டால் பேட்டரி செத்துப்போகும் என்பார். பலகைக்கும் பெயின்ட் அடிக்கவில்லை. மழைக்கு முன்னால் ஒரு பூச்சாவது பூசிவிட்டால் நல்லது. மேனுவின் கண்ணுக்கு அது முழுசாக வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

அம்மாவும் அப்பாவும் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

உங்கள் அன்புள்ள,
சிவசக்தி


பதுளை
2.4.2024

சிவசக்திக்கு,

உன் கடிதத்தில் ஞாயிறு என்று இருக்கிறது. எந்த ஞாயிறு? வருடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் குறைவில்லை. தேதி போடாத கடிதத்தை எங்கள் கான்வென்ட் மதர் பெர்னதெத் வாசிக்காமலேயே திருப்பிக் கொடுப்பார். இனிமேல் தேதி போடு.

ஜீப்பை அனுப்ப முடியாது.

காரணத்தைச் சொல்கிறேன், பிறகு நீ கேட்கக்கூடாது. துக்கம் விழுந்த வீட்டில் தலைத்திவசம் முடியும் வரை புதிதாக எதையும் தொடங்குவதில்லை. நாம் பொங்கல் பொங்குவதில்லை, புதுச்சேலை எடுப்பதில்லை. புது வாகனத்தை மட்டும் கிளப்பலாமா? பிளைவுட்டில் செய்தால் என்ன, நாலு சக்கரமும் மோட்டரும் இருந்தால் அது வாகனம்தான். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, பூசை போட்டுத்தான் அதை எடுக்க வேண்டும். துக்க வீட்டில் அந்தப் பூசைக்கு இடமில்லை. முதல் ஓட்டம் சரியில்லாத வாகனத்தில் என் தம்பியின் பிள்ளையை நான் ஏற்றுவேனா?

சார்ஜில் போடுவதும் கிளப்புவதும் வேறு வேறு என்று நீ நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பெயின்ட் அடிப்பதும் வேலை தொடங்குவதுதான். பாதிப் பாதியாக ஒரு விதியைப் பிடிப்பது எனக்குப் பழக்கமில்லை.

கான்வென்டில் படித்தவள் சாத்திரம் பேசுகிறாள் என்று உன் அம்மா இராக்கம்மா சிரிப்பது இங்கே கேட்கிறது. கன்னியாஸ்திரீகளிடம் நான் படித்தது ஒழுங்கு. ஒழுங்கு எல்லாச் சாமிக்கும் ஒன்றுதான்.

ரமேஸைப் பெற்ற ஈரத்தோடு எங்கள் அம்மா கண்ணை மூடினாள். எனக்கு அப்போது கல்யாணமாகி நாலைந்து வருடம், மடியில் ஒன்றும் இல்லை. அவனை நான் வளர்த்தேன். போத்தல் பாலைக் கையில் சொட்டவிட்டுச் சூடு பார்த்துக் கொடுத்தவள் நான். இப்போது எனக்கென்று இந்த உலகத்தில் மேனு ஒருத்திதான். அவள் இந்த வீட்டில் வளர வேண்டும், நான் படித்த கான்வென்டில் படிக்க வேண்டும். வருடம் முடிந்ததும் எல்லாவற்றையும் தொடங்கலாம். அதுவரை நீ இங்கே வந்து அவன் படத்துக்கு விளக்கேற்று. ஜீப் இங்கேயே இருக்கும். பிள்ளை வந்து இந்த முற்றத்தில் ஓட்டட்டும். பூனாகலையில் எங்கே சமதரை இருக்கிறது?

மாத்திரையை மறக்கவில்லை.

இப்படிக்கு,
திருமதி பரிமளம் தங்கராஜா


பூனாகலை
26.5.2024

அன்புள்ள மதினிக்கு,

நேற்று மேனுவின் பிறந்தநாள். நீங்கள் அனுப்பிய சட்டை கிடைத்தது. கொஞ்சம் பெரிது, மடித்துத் தைத்துப் போட்டேன். கோயிலுக்கு மட்டும் போய் வந்தோம்.

காலையில் எழுந்ததும் வாசலைத்தான் பார்த்தாள். நான் சொல்லியிருந்தேன், ஜீப் வர நாளாகும் என்று. இருந்தாலும் பார்த்தாள். தோட்டத்துப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு வந்த என் அப்பா, கடையில் ஒரு பெரிய பிஸ்கட் அட்டைப்பெட்டி வாங்கிவந்து, அதில் ஓட்டை போட்டு, "ஏறு தாயி, பண்டாரவளைக்கு எவ்வளவு டிக்கெட்டு?" என்று கேட்டார். அவளும் ஏறி உட்கார்ந்து பேம் பேம் என்று சத்தம் போட்டாள். பக்கத்துக் காம்பிரா வீட்டுப் பிள்ளை, "இதா ஒங்க அப்பா செஞ்ச ஜீப்பு?" என்று கேட்டுவிட்டது. அவள் இறங்கி வந்து என் சேலைக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

அம்மா உங்களைப் பற்றிச் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன், பிறகு யாரோ சொல்லிக் கேட்டால் இன்னும் கோபப்படுவீர்கள். "அந்தம்மாவுக்குக் கான்வென்டு பெல் அடிச்சாத்தான் சாமியே கண்ணு முழிக்கும்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு நான் முதல் தடவை சிரித்தது அதுதான்.

விளக்கேற்ற வரச் சொல்கிறீர்கள். நான் ஒன்று கேட்கிறேன். முப்பத்தொன்று அன்று முன் ஹாலில் வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்தேன். "லயத்துல இருந்து வந்த ராசி, என் தம்பியைத் தின்னுட்டுத்தான் ஓஞ்சுது" என்று நீங்கள் சொன்னீர்கள். என் காதில் விழட்டும் என்று சொன்னீர்களா, விழாது என்று சொன்னீர்களா? அதைத் தெரிந்துகொண்டால் அந்த வீட்டுக்குள் எப்படிக் கால் வைப்பது என்று எனக்குத் தெரியும்.

இங்கே தோட்டத்து முன்பள்ளியில் எனக்கு டீச்சர் வேலை கொடுத்திருக்கிறார்கள். மேனுவும் என்னோடு வருகிறாள்.

பேட்டரி ஞாபகம் இருக்கட்டும்.

உங்கள்,
சிவசக்தி


பதுளை
10.11.2024

சிவசக்திக்கு,

ஐப்பசி பிறந்ததிலிருந்து இங்கே விடாமல் மழை. அங்கேயும் அப்படித்தான் இருக்கும். மேனுவுக்குக் கம்பளிச் சட்டை ஒன்று பின்னி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இந்த முறை அளவு சரியாக இருக்கும். ரமேஸுக்கு ஐந்து வயதில் பின்னியதைப் பார்த்தே பின்னினேன்.

முக்கியமான செய்தி. கான்வென்டுக்குப் போய் மதரைப் பார்த்தேன். இப்போதிருப்பவர் இளையவர், ஆனால் பழைய மாணவி என்றதும் எழுந்து நின்று பேசினார். ஜனவரியில் முதலாம் ஆண்டுக்கு மேனுஷாவைச் சேர்க்க இடம் வாங்கிவிட்டேன். வெள்ளைத் துணியும் எடுத்து வைத்திருக்கிறேன், தைக்கக் கொடுக்கவில்லை. வருடம் முடியட்டும் என்றுதான். ஆகவே நீங்கள் தை பிறந்ததும் வந்துவிட வேண்டும். திவசத்துக்கு முதல் நாள் வந்தால் போதும் என்று நினைக்காதே. வீடு கழுவ, பாத்திரம் இறக்க ஆள் வேண்டும்.

ஷெட்டின் தகரத்தில் எங்கோ ஒழுக்கு என்று கூரை பார்க்கத் தச்சன் தாஸிமை அழைத்தேன். வாயாடி. கூரையைப் பார்க்கச் சொன்னால் ஜீப்பைப் பார்க்கிறான். "அம்மா, சேலைய எடுங்க, காத்துப் படட்டும். இப்பவே ஒரு கை பெயின்ட அடிச்சுத் தாறேன். இல்லாட்டி பலகை ஊதி அப்பளமாப் போகும்" என்றான். நான் கேட்டது கூரையைப் பற்றி என்றேன். "ஊருக்கு நல்லது சொன்னா தாஸிமுக்குக் கூலியுமில்ல, தேத்தண்ணியுமில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏணியில் ஏறினான். தேத்தண்ணி கொடுத்தேன். சேலையை எடுக்கவில்லை. இவ்வளவு காலம் காத்துவிட்டு, இன்னும் இரண்டு மாதத்துக்காக அவசரப்படுகிறவர்கள் உண்டு. நான் அந்த வகையல்ல.

மேனுவின் கட்டிலை ஜன்னல் பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் முற்றம் முழுவதும் தெரியும்.

இப்படிக்கு,
பரிமளம் தங்கராஜா


பூனாகலை
1.12.2024

மதினிக்கு,

கம்பளிச் சட்டை வந்தது. மிக அழகாக இருக்கிறது. கை குட்டையாக இருக்கிறது, கழுத்துப் பிடிக்கிறது. நிஷாந்தின் சின்ன மகளுக்குப் போட்டுவிட்டேன். மேனு இந்த வருடம் நெட்டையாக வளர்ந்துவிட்டாள். அவர் உயரம் வரும் போலிருக்கிறது.

நான் கேட்டதற்குப் பதில் வரும் என்று பார்த்திருந்தேன். மன்னிப்பு எதிர்பார்க்கவில்லை, மதினி. நான் அப்படிச் சொல்லவேயில்லை என்று எழுதியிருந்தால்கூட நம்பியிருப்பேன். மழையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், கூரையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

கான்வென்டுக்கு அனுப்ப முடியாது. நான் வேலை செய்யும் இடம் இங்கே இருக்கிறது. தோட்டத்துப் பாடசாலையில் பெயர் கொடுத்துவிட்டேன். என்னோடு கை பிடித்து நடந்து போய் வருவாள். திவசத்தை இங்குள்ள கோயிலில் ஐயரை வைத்துக் கொடுக்கிறோம். அந்த ஹாலில் அதே ஆட்கள் முன்னால் இன்னொரு முறை தட்டைத் தூக்கிக்கொண்டு வர எனக்குத் தெம்பு இல்லை.

கடைசியாக ஒருமுறை கேட்கிறேன். இந்த மாதக் கடைசியில் நத்தார் லீவில் நிஷாந்த் லொறியோடு பதுளைக்கு வருகிறான். ஷெட்டுச் சாவியை அவனிடம் கொடுங்கள். பூசையை வருடம் முடிந்ததும் இங்கேயே போடுகிறோம். அதுவரை யாரும் ஓட்டமாட்டோம், சத்தியம். பிள்ளை அதைக் கண்ணால் பார்த்தால் போதும். இப்போதெல்லாம் அவள் ஜீப்பைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

சிவசக்தி


பதுளை
22.1.2025

சிவசக்திக்கு,

நிஷாந்த் வந்ததும் வெறுங்கையோடு திரும்பியதும் உனக்குத் தெரியும். அவனுக்குச் சோறு போட்டேன். சாவி கொடுக்கவில்லை. அதைப் பற்றி இனிப் பேச்சு வேண்டாம்.

திவசம் நல்லபடி முடிந்தது. பிண்டம் வைக்கக் கை இல்லாமல் பக்கத்துக் கடைக்காரர் மகன் வைத்தான். ஐயர் உன்னையும் பிள்ளையையும் கேட்டார். காய்ச்சல் என்று சொன்னேன். நான் பொய் சொல்கிறவள் அல்ல என்று அவருக்குத் தெரியும், அதனால் நம்பிவிட்டார்.

மறுநாள் காலையில் குளித்து, தாஸிமை வரச்சொல்லி, ஷெட்டைத் திறந்தேன்.

சேலையை எடுக்கும்போதே அது பலகையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அடிப்பலகை முழுவதும் ஊதி, ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. சக்கரங்களில் ரப்பர் கழன்று, உள்ளே பிளைவுட் பூத்துப் போயிருந்தது. விரலை வைத்தேன், உள்ளே போனது. தாஸிம் பேட்டரியில் வயரைக் கொடுத்துப் பார்த்தான். பிறகு, "இது செத்துப் பல நாளாச்சு அம்மா" என்றான். அந்தச் சொல்லை இந்த வீட்டில் சொல்லாதே என்றேன். வேறு என்ன சொல்வது என்று கேட்டான்.

பக்கப் பலகை ஒன்று மட்டும் சுவரோரம் இருந்ததால் தப்பியிருக்கிறது. அதன் உள்பக்கத்தில் ரமேஸ் பென்சிலால் ஒரு கோடு போட்டு, 'மேனு கால்' என்று எழுதியிருக்கிறான். சீட்டில் உட்கார்ந்து காலை நீட்டினால் பாதம் எட்டும் இடம். கால் சுவிட்ச் அங்கே வர வேண்டும். அவன் எழுத்து எப்போதும் வலப்பக்கம் சாயும். சின்ன வயதில் எத்தனையோ தடவை அதற்கு அடித்திருக்கிறேன்.

புது பிளைவுட்டும் புது பேட்டரியும் வாங்கிவிட்டேன். மோட்டர்கள் பிழையில்லை. தாஸிம் அதே மாதிரிச் செய்து முடிப்பான். வருடம் முடிந்துவிட்டது. இனிச் செய்வதில் தடையில்லை. எதற்கும் மேனுவின் அளவை எடுத்து அனுப்பு. உட்காரவைத்து, காலை நீட்டச் சொல்லி, முதுகிலிருந்து குதிகால் வரை. பென்சில் கோடு சரிதானா என்று பார்த்துக்கொள்கிறேன். சரியாகத்தான் இருக்கும்.

பரிமளம் தங்கராஜா


பூனாகலை
9.2.2025

மதினிக்கு,

வீட்டில் அளவு நாடா இல்லை. நூலைப் பிடித்து, குதிகால் வந்த இடத்தில் முடிச்சுப் போட்டிருக்கிறேன். இத்துடன் இருக்கிறது. பிள்ளை ஒரு இடத்தில் இருப்பதில்லை. இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன், ஒரே அளவுதான்.

முதலாம் ஆண்டுக்குப் போகிறாள். பாடசாலையில் அப்பா பெயரைக் கேட்டதற்கு, எழுந்து நின்று முழுப்பெயரையும் சொன்னாளாம்.

இவ்வளவு பாடுபட வேண்டாம். உங்கள் உடம்பைப் பாருங்கள்.

சிவசக்தி


பதுளை
20.2.2025

அன்புள்ள சிவசக்திக்கு,

நூல் வந்தது. பலகையை மேசையில் வைத்து, நூலின் ஒரு முனையை முதுகு வரும் இடத்தில் பிடித்து நீட்டினேன். முடிச்சு கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. நீ இழுத்துப் பிடித்திருப்பாய் என்று தளர்த்திப் பார்த்தேன். நனைந்திருக்கும் என்று காயவைத்துப் பார்த்தேன். மூன்று விரல் கூடத்தான் இருக்கிறது.

தாஸிம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "புள்ளைகள் நிக்குமா அம்மா, நாம நிறுத்தி வெச்சா? மூணு விரல் கூட்டி வெட்டித் தாறேன்" என்றான். ரமேஸ் போட்ட கோட்டை மாற்றுவதா என்று கேட்டேன். "கோடு மௌத்தாகிப் போன மனிசன் போட்டது. காலு உசிரோட ஈக்கிது" என்றான். வாயை மூடிக்கொண்டு போகச் சொன்னேன். போய்விட்டான்.

மறுநாள் ஆள் அனுப்பி அவனைத் திரும்பக் கூப்பிட்டேன். மூன்று விரல் கூட்டியே வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

பச்சை பெயின்டா நீலமா என்று மேனுவைக் கேட்டு எழுது. ரமேஸ் பச்சை வாங்கி வைத்திருந்தான், அது டின்னோடு இறுகிவிட்டது. அவளுக்கு எது பிடிக்குமோ அதை அடிக்கலாம். கான்வென்டைப் பற்றி நான் இனிப் பேசவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் வந்து, அவள் ஒரு சுற்றுப் போய் வந்ததும் அன்று மாலையே நீங்கள் திரும்பிப் போகலாம். ஹாலுக்குள் வரத் தேவையில்லை. பின் கேற்றைத் திறந்து வைக்கிறேன், நேராக முற்றத்துக்கு வரலாம்.

பரிமளம்


பூனாகலை
30.3.2025

மதினிக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை. ஒரு விஷயம் முடிவாகட்டும் என்று இருந்தேன்.

சித்திரை கழிந்து எனக்குக் கல்யாணம். ஹல்துமுல்லையில் பாடசாலை வாத்தியார். அவர் மனைவி பிள்ளைப்பேற்றில் தவறிவிட்டார். போன வருடம் ஆவணியிலேயே கேட்டு வந்தார்கள். வருடம் முடியாமல் பேசக்கூடாது என்று நான்தான் சொல்லித் திருப்பி அனுப்பினேன். தலைத்திவசம் வரை பூ வைக்கவில்லை, ஒரு நல்லது கெட்டதுக்குப் போகவில்லை. பூனாகலையில் இருந்தாலும் உங்கள் விதியைத்தான் பிடித்தேன், மதினி. வருடம் முடிந்ததும் எல்லாவற்றையும் தொடங்கலாம் என்று நீங்கள் எழுதியது எனக்கு ஞாபகம் இருந்தது.

பெயின்ட் விஷயம் மேனுவைக் கேட்டேன். ஜீப்புக்கு என்ன நிறம் வேண்டும் என்றேன். "எந்த ஜீப்பு?" என்றாள். அப்பா செய்தது என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "பிஸ்கட் பெட்டியில செஞ்சதா? அது தாத்தா செஞ்சதுமா" என்றாள்.

வாத்தியார் அவளுக்குச் சைக்கிள் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். சாயாமல் ஓட்டுகிறாள்.

ஜீப்பை யாராவது சின்னப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். எங்களைத் தேடி யாரையும் ஹல்துமுல்லைக்கு அனுப்ப வேண்டாம், கொஞ்ச காலம் கடிதமும் வேண்டாம். இது கோபத்தில் எழுதுவதல்ல. இந்த ஒரு வருடத்தில் அவள் இரண்டு வீட்டின் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாள். இனி ஒரு வீட்டில் கால் ஊன்றட்டும்.

நீங்கள் மேனுவின் அப்பாவை வளர்த்தீர்கள். அதற்காக உங்களை எப்போதும் கும்பிடுவேன்.

சீனி மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால்.

சிவசக்தி


பதுளை
வெள்ளிக்கிழமை

அன்புள்ள சிவசக்தி,

ஹல்துமுல்லை முகவரியை நீ எழுதவில்லை. எழுதமாட்டாய் என்றும் தெரியும். இதைப் பூனாகலைக்கே போடுகிறேன். உன் அப்பா வைத்திருந்து, என்றைக்காவது நீ வரும்போது கொடுக்கட்டும். கடிதம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். பதில் கேட்டு எழுதவில்லை.

கல்யாணத்தன்று காலையில் கோயிலில் உன் பெயருக்கும் பிள்ளை பெயருக்கும் அர்ச்சனை செய்தேன். மாப்பிள்ளை பெயர் தெரியாததால் சொல்ல முடியவில்லை.

ஜீப் முடிந்துவிட்டது. நிறம் நீ எழுதாததால் பாதி பச்சை, பாதி நீலம் அடிக்கச் சொன்னேன். பார்க்க நன்றாக இல்லை. தாஸிம், "சர்பத்துக் கடை மாதிரி ஈக்கிது" என்றான். முன் மூடியை ரமேஸ் அடிக்க வைத்திருந்த ஆணிகளாலேயே அடித்தோம். மூன்று விரல் போதாது என்று பட்டது. இன்னும் இரண்டு விரல் கூட்டி இடம் விட்டிருக்கிறேன். பிள்ளை வளரும்.

முறைப்படி சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்டேன். கால் சுவிட்சின் மேல் கல்லை வைத்ததும் சக்கரம் சுற்றியது, ஆனால் வண்டி நகரவில்லை. பழம் நசுங்கவில்லை, அதன் மேலேயே சக்கரம் வழுக்கி வழுக்கிச் சுற்றியது. ஆள் ஏறினால்தான் பாரம் வரும், பாரம் இருந்தால்தான் பழம் நசுங்கும் என்றான் தாஸிம். நான் ஏற முடியுமா? உள்ளே போய் ஒரு சின்ன அரிசி மூட்டையைக் கொண்டுவந்து சீட்டில் வைத்தோம். அப்புறம் நசுங்கியது.

யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்க மனம் வரவில்லை. பேட்டரியை வாரத்துக்கு ஒருமுறை சார்ஜில் போட்டு, கொஞ்ச நேரம் ஓட்டவும் வேண்டுமாம், இல்லாவிட்டால் இதுவும் போய்விடும். ஆகையால் வெள்ளிக்கிழமைகளில் வெளியே எடுக்கிறேன். மூட்டையை உட்காரவைத்து, சுவிட்சில் கல்லை வைத்துவிட்டால் அது தானாகப் போகும். சத்தம் அதிகமில்லை, மாவு அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். வேகமும் இல்லை. நான் பக்கத்திலேயே நடந்து போகிறேன்.

முற்றம் முடிகிற இடத்தில், சுவர் வரை போய் நின்றுவிடும். ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆளில்லை அல்லவா. நான் கல்லை எடுத்து, வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கித் திருப்பி வைத்து, மறுபடி கல்லை வைக்கிறேன்.

பரிமளம்